டைசல்பைடு குறுக்குப் பிணைப்புகளும் அயனிக் கால்வாய்களும்

டைசல்பைடு குறுக்குப் பிணைப்பு என்பது புரதத்தில் உள்ள இரண்டு சிஸ்டீன் அமினோ அமிலங்களின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாக்கும் வலுவான வேதிப் பிணைப்பு ஆகும். அயனிக் கால்வாய் என்பது உயிரணுச் சவ்வின் குறுக்கே அமைந்து சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு முதலிய அயனிகளை உள்ளும் புறமும் செல்லவிடும் புரதத் துளை ஆகும். நரம்பில் செய்தி ஓடுவதும், இதயம் துடிப்பதும், தசை சுருங்குவதும் இக்கால்வாய்கள் உரிய நேரத்தில் திறந்து மூடுவதால்தான் நடைபெறுகின்றன. ஒரு கால்வாயிலோ அதனுடன் வந்து ஒட்டும் வேறொரு மூலக்கூறிலோ உள்ள ஓரிரு கந்தகப் பிணைப்புகள், அக்கால்வாய் எவ்வளவு அயனிகளைக் கடத்தும், எந்த அயனியைக் கடத்தும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பவற்றை மாற்றிவிடக் கூடும்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டின் நிலத்திலேயே இருக்கிறது. தருமபுரி மாவட்டம் போன்ற வறண்ட, கற்கள் நிறைந்த பகுதிகளில் கற்குவியலைப் புரட்டும்போதும், விறகை எடுக்கும்போதும், அறுத்துக் குவித்த கடலைச் செடியை அள்ளும்போதும் தேள் கொட்டுவது கிராமத்தார் அறிந்த ஆபத்து. அவற்றுள் உயிருக்கே கேடு விளைவிக்கக் கூடியது செந்தேள். அதன் நஞ்சின் வலிமை, சிறு புரதங்களை இறுகக் கட்டியிருக்கும் டைசல்பைடு பிணைப்புகளில் பெரிதும் அடங்கியுள்ளது. இக்கட்டுரை முதலில் பிணைப்பையும் கால்வாயையும் விளக்கி, பிறகு செந்தேளின் நஞ்சுக்கு வருகிறது.

கந்தகப் பாலம்

புரதங்களை ஆக்கும் 20 அமினோ அமிலங்களுள் சிஸ்டீனின் பக்கச் சங்கிலி முனையில் ஒரு கந்தக அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் கொண்ட தயோல் குழு உள்ளது. இரண்டு சிஸ்டீன்கள் அருகருகே வரும்போது, ஆக்சிஜனேற்றத்தால் இரு ஹைட்ரஜன்களும் நீங்கிக் கந்தகங்கள் இணைகின்றன. இதுவே டைசல்பைடு பிணைப்பு. இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான தொலைவு சுமார் 0.205 நானோமீட்டர். புரதத்தின் வடிவத்தைக் காக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைவிட இது பன்மடங்கு வலுவானது.

அதே நேரத்தில் இப்பிணைப்பு மீளக்கூடியது. டைதயோத்ரெய்டால் போன்ற ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் பாலம் அறுந்து, மீண்டும் இரண்டு தயோல் குழுக்கள் கிடைக்கும். ஆக்சிஜனேற்றியைச் சேர்த்தால் பாலம் திரும்ப உருவாகும். அழகு நிலையத்தில் தலைமுடியைச் சுருளாக்குவது இதே வேதியியல்தான். முதலில் பூசும் மருந்து முடியின் கெரட்டின் புரதத்தில் உள்ள கந்தகப் பாலங்களை அறுக்கிறது. முடியை வேண்டிய வடிவில் சுற்றிய பின் பூசும் இரண்டாவது மருந்து புதிய இடங்களில் பாலங்களை உண்டாக்கி அந்த வடிவை நிலைநிறுத்துகிறது. பாலம் முடியை வளைப்பதில்லை. வளைந்ததை அப்படியே பிடித்து வைக்கிறது. அயனிக் கால்வாய்களிலும் அதன் வேலை இதுவே.

உயிரணுவின் உட்புறத்தில் குளூட்டாதையோன் என்னும் ஒடுக்கும் பொருள் மிகுந்திருப்பதால் அங்கே டைசல்பைடு பாலங்கள் எளிதில் நிலைப்பதில்லை. எனவே இயல்பான பாலங்கள் பெரும்பாலும் கால்வாயின் வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளிலும், உயிரணுவிலிருந்து சுரந்து வெளியேறும் நஞ்சு போன்ற புரதங்களிலும் காணப்படுகின்றன.

அயனிக் கால்வாயின் மூன்று பண்புகள்

ஓர் ஏரியின் மதகை எண்ணிப் பார்த்தால் கால்வாயின் பண்புகளைப் பிரித்து அறியலாம். மதகுக் கண்ணின் அகலம் ஒன்று. அதை மூடித் திறக்கும் பலகை மற்றொன்று. மீன் போகாமல் நீரை மட்டும் விடும் வலை மூன்றாவது. கால்வாயில் இவை முறையே கடத்துத்திறன், வாயிலியக்கம், தெரிவுத்திறன் எனப்படும்.

கடத்துத்திறன் என்பது திறந்த நிலையில் உள்ள ஒரு கால்வாய் எவ்வளவு எளிதாக அயனிகளைக் கடத்துகிறது என்பதன் அளவு. இது பிக்கோசீமென்ஸ் அலகில் கூறப்படும். எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976-ல் வெளியிட்ட ஒட்டுப்பிடிப்பு முறை, ஒரே ஒரு கால்வாயின் மின்னோட்டத்தை அளக்க வழிசெய்தது. இப்பணிக்காக இருவருக்கும் 1991-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெருங்கடத்துப் பொட்டாசியக் கால்வாய் எனப்படும் பி.கே. கால்வாயின் கடத்துத்திறன், சவ்வின் இருபுறமும் பொட்டாசியம் மிகுந்த கரைசலில் அளக்கும்போது சுமார் 250 பிக்கோசீமென்ஸ். சவ்வின் குறுக்கே 100 மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருந்தால் அதில் 25 பிக்கோ ஆம்பியர் மின்னோட்டம் பாயும். இதை ஓர் அயனியின் மின்னூட்டத்தால் வகுத்தால், ஒரு நொடியில் ஏறத்தாழ 15 கோடி பொட்டாசியம் அயனிகள் அந்த ஒரே துளையின் வழியே செல்கின்றன என்பது விளங்கும்.

இவ்வளவு விரைவாகக் கடத்தினாலும் பொட்டாசியக் கால்வாய் சோடியத்தை ஏறக்குறைய முற்றாகத் தடுக்கிறது. பொட்டாசியம் அயனியின் ஆரம் 0.133 நானோமீட்டர், சோடியம் அயனியின் ஆரம் 0.095 நானோமீட்டர். சிறியது நுழையாமல் பெரியது நுழைவது முதலில் வியப்பாகத் தோன்றும். இதற்கான விடையை 1998-ல் ராடரிக் மக்கின்னன் குழுவினர் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயின் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்து காட்டினர். நீரில் உள்ள அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். துளையின் குறுகிய வடிகட்டிப் பகுதியில் நுழைய அயனி அந்த நீர்ப்போர்வையைக் களைய வேண்டும். வடிகட்டியின் ஆக்சிஜன் அணுக்கள் நீர் மூலக்கூறுகளின் இடத்தில் நின்று பொட்டாசியத்தைச் சரியாக அணைத்துக்கொள்கின்றன. சிறிய சோடியத்தை அதே இடைவெளியில் அவ்வாறு அணைக்க முடிவதில்லை. எனவே சோடியத்திற்கு நீர்ப்போர்வையை விட்டு வருவது இழப்பாகிறது. மக்கின்னனுக்கு 2003-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இம்மூன்று பண்புகளையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முதன்மையானது. சவ்வில் பாயும் மொத்த மின்னோட்டம் என்பது கால்வாய்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் திறந்திருக்கும் வாய்ப்பு, திறந்த ஒரு கால்வாயின் மின்னோட்டம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். ஆகவே மொத்த மின்னோட்டம் குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்துக் கடத்துத்திறன் குறைந்தது என்று முடிவுகட்ட முடியாது. ஒற்றைக் கால்வாயின் பதிவில் மின்னோட்டப் படியின் உயரம் குறைந்தால்தான் கடத்துத்திறன் குறைந்தது எனலாம். உயரம் மாறாமல் திறந்திருக்கும் நேரம் குறைந்தால் மாறியது வாயிலியக்கம் அல்லது அடைப்பு. மின்னோட்டம் சுழியாகும் மின்னழுத்தம் இடம்பெயர்ந்தால் மாறியது தெரிவுத்திறன். பொட்டாசியத்தை மட்டும் கடத்தும் கால்வாய்க்கு இது நரம்பணுவில் சுமார் கழித்தல் 90 மில்லிவோல்ட். சோடியத்தை மட்டும் கடத்துவதற்குச் சுமார் கூட்டல் 60 மில்லிவோல்ட்.

கால்வாயிலேயே அமைந்த பாலங்கள்

நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பி என்னும் கால்வாய் உள்ளது. நரம்பு முனை சுரக்கும் அசிட்டைல்கோலின் வந்து ஒட்டியதும் இது திறந்து நேர் அயனிகளை உள்ளே விடுகிறது. இதன் ஆல்பா துணையலகில் 192, 193 ஆம் இடங்களில் அடுத்தடுத்து அமைந்த இரு சிஸ்டீன்கள் பாலமிட்டுள்ளன. அசிட்டைல்கோலின் ஒட்டும் இடம் இதற்கு அருகிலேயே இருக்கிறது.

1966-ல் ஆர்தர் கார்லினும் ஈவா பார்டெல்சும் மின்விலாங்கின் மின்னுறுப்பு உயிரணுக்களை டைதயோத்ரெய்டாலில் வைத்துப் பார்த்தனர். அசிட்டைல்கோலின் வகைப் பொருள்களுக்கு அவ்வுயிரணுக்கள் காட்டும் எதிர்வினை வெகுவாகக் குறைந்தது. பின்னர் ஆக்சிஜனேற்றி சேர்த்ததும் எதிர்வினை மீண்டது. இங்கே அயனி செல்லும் துளை பாலத்திலிருந்து தொலைவில் சவ்வினுள் இருக்கிறது. பாலம் அறுந்ததால் மாறியது, கால்வாயைத் திறக்கும் செய்தியை வாங்கும் இடத்தின் வடிவம். இதே ஏற்பியில் 128, 142 ஆம் சிஸ்டீன்களுக்கு இடையே மற்றொரு பாலம் உண்டு. இதே அமைப்பு கிளைசின், காபா முதலியவற்றின் ஏற்பிகளிலும் உள்ளதால் இக்குடும்பம் முழுவதுமே சிஸ்டீன் வளைய ஏற்பிகள் எனப் பெயர் பெற்றது.

எல்லாக் கால்வாய்களிலும் பாலத்தை அறுத்தால் வேலை குன்றும் என்று கருதிவிடக் கூடாது. மூளையில் நினைவாற்றலோடு தொடர்புடைய என்எம்டிஏ ஏற்பியை ஒடுக்கும் பொருளுக்கு உட்படுத்தியபோது அதன் மின்னோட்டம் கூடியது என்றும், ஆக்சிஜனேற்றியால் குறைந்தது என்றும் 1989-ல் ஐசன்மன், லிப்டன், லோரிங் ஆகியோர் காட்டினர். பாலம் எந்த நிலையைப் பிடித்து வைக்கிறதோ அதைப் பொறுத்தே விளைவு அமையும்.

சமையலறையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. பச்சைப் பூண்டை நசுக்கும்போது அல்லிசின் என்னும் கந்தகச் சேர்மம் உண்டாகிறது. மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்னும் கால்வாயின் ஒரு சிஸ்டீனோடு பூண்டு, வெங்காயத்தின் காரப்பொருள்கள் வினைபுரிந்து அதைத் திறக்கின்றன என 2008-ல் கண்டறியப்பட்டது. இது இரண்டு சிஸ்டீன்களுக்கு இடையிலான குறுக்குப் பிணைப்பு அன்று. வெளியிலிருந்து வந்த கந்தகம் ஒரு சிஸ்டீனோடு சேர்வது. ஆயினும் ஒரே ஒரு கந்தக அணுவில் நிகழும் மாற்றம் கால்வாயைத் திறக்கப் போதுமானது என்பதை அது உணர்த்துகிறது.

ஆய்வாளரின் அளவுகோல்

டைசல்பைடு பாலம் உருவாக இரண்டு சிஸ்டீன்களும் மிக நெருக்கமாக வந்தாக வேண்டும். இதனால் அது ஓர் அளவுகோலாகவும் பயன்படுகிறது. கால்வாயின் மரபணுவை மாற்றி, வேண்டிய இரண்டு இடங்களில் சிஸ்டீனை அமைப்பர். பாலம் உருவானால் அவ்விரு இடங்களும் அந்த நிலையில் அருகருகே வருகின்றன என்று பொருள். பாலம் உருவானதும் கால்வாய் அந்த நிலையிலேயே பூட்டப்பட்டுவிடும்.

வில்லியம் கேட்டரால் குழுவினர் 2008-ல் ஒரு பாக்டீரியாவின் சோடியக் கால்வாயில் இதைச் செய்தனர். மின்னழுத்தம் மாறும்போது கால்வாயின் உணரிப் பகுதி நகர்ந்து வாயிலைத் திறக்கிறது. நகரும் பகுதியில் ஒரு சிஸ்டீனையும் அதற்கு எதிரே நிலையாக உள்ள பகுதியில் மற்றொன்றையும் வைத்தனர். உணரி நகர்ந்ததும் இரண்டும் சந்தித்துப் பாலமிட்டன. உணரி திரும்ப முடியாமல் பூட்டப்பட்டது. மின்னோட்டமும் இல்லாமற் போனது. ஒடுக்கும் பொருளைச் சேர்த்து உரிய மின்னழுத்தம் கொடுத்தபோது பூட்டுத் திறந்து மின்னோட்டம் திரும்பியது. துளையைத் தொடாமலேயே, தொலைவில் இட்ட ஒரு பாலம் கால்வாயைச் செயலிழக்கச் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

தெரிவுத்திறன் எப்போது மாறும்?

பொட்டாசியக் கால்வாயின் வடிகட்டி, புரத முதுகெலும்பின் ஆக்சிஜன் அணுக்களால் ஆனது. அங்கே டைசல்பைடு பாலம் கிடையாது. ஆகவே பாலங்கள் தெரிவுத்திறனை நேரடியாக மாற்றுவதைவிட, வடிகட்டியைத் தாங்கும் சுற்றுப்புறத்தின் வழியாக மறைமுகமாக மாற்றுவதே எதிர்பார்க்கக் கூடியது.

பழ ஈயின் ஷேக்கர் என்னும் பொட்டாசியக் கால்வாய் நீண்ட நேரம் திறந்திருந்தால் தானாகவே செயலற்ற நிலைக்குச் செல்லும். கால்வாயின் வெளிவாயில் வைத்த சிஸ்டீன்கள் அந்த நிலையில் ஒன்றையொன்று நெருங்குகின்றன என 1996-ல் கேரி யெல்லன் குழுவினர் காட்டினர். அதாவது நான்கு துணையலகுகளும் வாய்ப்பகுதியில் இடம் மாறுகின்றன. மறு ஆண்டில் வேறொரு குழுவினர், அதே செயலற்ற நிலையில் பொட்டாசியம் இல்லாதபோது சோடியம் அத்துளையின் வழியே செல்வதைப் பதிவு செய்தனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வடிகட்டியைச் சூழ்ந்த வாய்ப்பகுதியின் வடிவமும் தெரிவுத்திறனும் பிணைந்தவை என்பது தெளிவாகும். நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாடுதான் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரிக்கிறது. அதனால் வடிவத்தில் ஏற்படும் சிறு அசைவும் பெரிய விளைவைத் தரும்.

தமிழின் பெயர் தாங்கிய தேள்

செந்தேளை 1798-ல் டென்மார்க் நாட்டு அறிஞர் யோஹன் கிறிஸ்டியன் ஃபப்ரீசியஸ் அறிவியல் உலகிற்கு விவரித்தார். அவர் இட்ட சிற்றினப் பெயர் தமுலஸ். தமிழைத் தமுல் என்று வழங்கிய பழைய ஐரோப்பிய வழக்கை இது நினைவூட்டும். இன்று இதன் முழுப்பெயர் ஹாட்டன்டோட்டா தமுலஸ். பழைய நூல்களில் பூத்தஸ் தமுலஸ், மீசோபூத்தஸ் தமுலஸ் என்றும் காணலாம். கரிய நிறத்தில் பெரிய கொடுக்குகளோடு அச்சமூட்டும் தேள்களைவிட, மெலிந்த கொடுக்கு கொண்ட இச்சிறிய தேளே மிகவும் ஆபத்தானது.

இதன் நஞ்சிலிருந்து 1990-ல் ஐபீரியோடாக்சின் என்னும் பெப்டைடு பிரித்தெடுக்கப்பட்டது. இதில் 37 அமினோ அமிலங்களே உள்ளன. இவ்வளவு சிறிய சங்கிலி பொதுவாக நீரில் நிலையான வடிவமின்றி நெளிந்துகொண்டிருக்கும். ஆனால் இதில் ஆறு சிஸ்டீன்கள் மூன்று பாலங்களாக இணைந்துள்ளன: 7 ஆம் சிஸ்டீன் 28 ஆவதோடும், 13 ஆவது 33 ஆவதோடும், 17 ஆவது 35 ஆவதோடும். ஆறு சிஸ்டீன்களை இரண்டிரண்டாக இணைக்க 5 × 3 × 1 என 15 வழிகள் உண்டு. அவற்றுள் இந்த ஒரு வழியே இயற்கையில் அமைந்த உரிய வடிவைத் தருகிறது. மூன்று பாலங்களும் ஒரு சுருளையும் ஒரு மடிப்புத் தாளையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுபோல் இறுக்கி வைக்கின்றன.

இந்த இறுக்கத்தால் 27 ஆம் இடத்தில் உள்ள லைசினின் நேர் மின்னூட்டம் கொண்ட பக்கச் சங்கிலி ஒரு முளைபோல் வெளியே நிமிர்ந்து நிற்கிறது. பெப்டைடு பி.கே. கால்வாயின் வெளிவாயில் அமரும்போது அந்த முளை சரியாகத் துளையின் வாயில் செருகிக்கொள்கிறது. ஒற்றைக் கால்வாயின் பதிவைப் பார்த்தால், இயல்பான மின்னோட்டம் திடீரென நின்று பல நிமிடங்கள் வெறுமையாக இருக்கும். பிறகு முன்பிருந்த அதே உயரத்தில் மின்னோட்டம் திரும்பும். படியின் உயரம் குறையவில்லை. ஆகவே கடத்துத்திறன் மாறவில்லை, தெரிவுத்திறனும் மாறவில்லை. மதகுக் கண்ணில் ஒரு கல் வந்து அடைத்து, பிறகு விலகியது போன்றதே இது. மாறியது, கால்வாய் அயனி கடத்தும் நேரம் மட்டுமே.

இவ்வகை அடைப்பைக் கண்ணால் காணும் வாய்ப்பு 2013-ல் கிடைத்தது. மக்கின்னனின் ஆய்வகத்தில் அனிர்பன் பானர்ஜி உள்ளிட்டோர், ஐபீரியோடாக்சினின் நெருங்கிய உறவான சாரிப்டோடாக்சின் ஒரு பொட்டாசியக் கால்வாயில் அமர்ந்திருக்கும் படிக அமைப்பை வெளியிட்டனர். பூட்டில் சாவி பொருந்துவதுபோல் நஞ்சு பொருந்தியிருந்தது. அதன் 27 ஆம் லைசின் வடிகட்டியின் வெளிமுனையில் நின்றது.

ஒரே முடிச்சு, வேறு இலக்கு

சாரிப்டோடாக்சின் வேறொரு தேளின் நஞ்சு. அதிலும் 37 அமினோ அமிலங்கள். அதே மூன்று பாலங்கள். ஆயினும் அது பி.கே. கால்வாயோடு, வெள்ளையணுக்களில் உள்ள கேவி1.3 என்னும் கால்வாயையும் அடைக்கிறது. ஐபீரியோடாக்சினோ பி.கே. கால்வாயை மட்டுமே அடைக்கிறது. பாலங்கள் ஒன்றாக இருந்தும் இலக்கு வேறுபடுவதால் ஓர் உண்மை புலனாகிறது. பாலங்கள் சட்டகத்தைத் தருகின்றன. எந்தக் கால்வாயில் பொருந்துவது என்பதை அச்சட்டகத்தின் மேற்பரப்பில் உள்ள அமினோ அமிலங்கள் முடிவு செய்கின்றன.

செந்தேளின் நஞ்சில் உள்ள தமாபின் என்னும் மற்றொரு பெப்டைடில் 31 அமினோ அமிலங்களும் மூன்று பாலங்களும் உள்ளன. அது சிறுகடத்துப் பொட்டாசியக் கால்வாய் என்னும் வேறு வகையை அடைக்கிறது. இவ்வாறு இலக்கு தவறாமல் செல்லும் தன்மையால் இப்பெப்டைடுகள் உலகெங்கும் ஆய்வகங்களில் கருவிகளாகப் பயன்படுகின்றன. ஓர் உறுப்பில் எந்தக் கால்வாய் வேலை செய்கிறது என்று அறிய, அதை மட்டும் அடைக்கும் பெப்டைடைச் சேர்த்துப் பார்த்தால் போதும்.

கொட்டியவருக்கு நேர்வது என்ன?

உயிருக்கு ஆபத்து விளைவிப்பதில் முதன்மையானவை சோடியக் கால்வாயைத் தாக்கும் நஞ்சுப் புரதங்கள். இவை சற்றுப் பெரியவை. 60 முதல் 70 அமினோ அமிலங்களும் நான்கு பாலங்களும் கொண்டவை. இவை துளையை அடைப்பதில்லை. கால்வாயின் மின்னழுத்த உணரி ஒன்றைப் பிடித்து நகரவிடாமல் செய்கின்றன. அதனால் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் மூட வேண்டிய கால்வாய் மூடாமல் நீடிக்கிறது. நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவை உடலில் வெள்ளமாகப் பெருகுகின்றன. மிகுந்த வியர்வை, வாந்தி, கை கால் சில்லிடுதல் ஆகியவை தோன்றும். இரத்தக் குழாய்கள் சுருங்கி இதயத்தின் சுமை கூடும். கடுமையான நிலையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சிறு உடலில் அதே அளவு நஞ்சு பரவுவதால் குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி.

மகாராட்டிரத்தின் மகாட் என்னும் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்திற்கு வழங்கப்பட்டுவந்த பிரசோசின் என்னும் மாத்திரை இந்நிலைக்கு உதவும் எனக் கண்டு 1980-களிலிருந்து பயன்படுத்தினார். அதன் பின் செந்தேள் கடியால் நேரும் இறப்பு பெரிதும் குறைந்தது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிரசோசின் நஞ்சைத் தொடுவதில்லை. நார்அட்ரினலின் இரத்தக் குழாயைச் சுருக்கும் இடத்தை மறைத்து நின்று இதயத்தைக் காக்கிறது. நஞ்சையே பிடித்துச் செயலிழக்கச் செய்வது தேள் நஞ்சு முறிவு மருந்து. 2011-ல் பவாஸ்கரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், இரண்டையும் பெற்ற 35 பேரில் 32 பேர் 10 மணி நேரத்தில் முழுமையாகத் தேறினர். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அவ்வாறு தேறியவர்கள் 8 பேர்.

வீட்டு வைத்தியமும் கந்தகப் பாலமும்

தேள் கொட்டிய இடத்தில் புளியங்கொட்டையைக் கல்லில் சூடேறத் தேய்த்து ஒட்டவைப்பதும், வெங்காயத்தை நசுக்கித் தேய்ப்பதும் சிற்றூர்களில் நீண்டகாலமாக உள்ள பழக்கங்கள். மேலே கூறிய வேதியியலைக் கொண்டே இவற்றை மதிப்பிடலாம்.

முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவது அதன் புரதம் குலைவதால்தான். ஆனால் மூன்று அல்லது நான்கு கந்தகப் பாலங்களால் இறுக்கப்பட்ட சிறு பெப்டைடு எளிதில் குலையாது. தோல் தாங்கக்கூடிய சூட்டில் அது குலைந்துபோகும் என்று எதிர்பார்க்க இடமில்லை. ஆய்வகத்தில் பாலங்களை அறுக்கும் ஒடுக்கும் பொருள்கள் நஞ்சோடு நேரடியாகக் கலக்கப்படுகின்றன. தோலின் மேல் பூசும் சாறு, கொடுக்கின் வழியே உள்ளே சென்று இரத்தத்தில் கலந்துவிட்ட நஞ்சை அவ்வாறு சென்றடைவதில்லை. கடுப்பு குறைந்தது போலத் தோன்றினாலும் இதயத்தை நோக்கிச் செல்லும் நஞ்சு குறைவதில்லை. இதற்கிடையே கழியும் நேரமே பேரிழப்பாகிவிடும்.

எனவே தேள் கொட்டியவரை, குறிப்பாகக் குழந்தையை, வியர்வையோ வாந்தியோ வரட்டும் என்று காத்திராமல் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்வதே முறை. 108 ஊர்தியை அழைக்கலாம். கொட்டிய இடத்தைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும் கூடாது. கற்குவியல், விறகு, ஓலை ஆகியவற்றை வெறுங்கையால் எடுக்காமல் இருப்பதும், காலணியை உதறிப் போடுவதும் வருமுன் காக்கும் வழிகள்.

சுருக்கம்

டைசல்பைடு பாலம் தானே அயனியைக் கடத்துவதுமில்லை, தடுப்பதுமில்லை. ஒரு வடிவைப் பிடித்து வைக்கிறது. அவ்வடிவம் அசிட்டைல்கோலின் ஒட்டும் இடமாக இருந்தால் கால்வாய் திறக்கும் வாய்ப்பு மாறும். மின்னழுத்த உணரியாக இருந்தால் கால்வாய் ஒரு நிலையில் பூட்டிக்கொள்ளும். வடிகட்டியைச் சூழ்ந்த வாயின் வடிவம் மாறினால் தெரிவுத்திறனும் மாறக்கூடும். நஞ்சுப் பெப்டைடாக இருந்தால் துளையை அடைக்கும் முளையாகவோ, உணரியைப் பிடிக்கும் கையாகவோ அமையும். ஒரு பாலத்தின் விளைவை அறிய, மாறியது மின்னோட்டத்தின் உயரமா, திறந்திருக்கும் நேரமா, செல்லும் அயனியின் வகையா என்று பிரித்துக் கேட்க வேண்டும். செந்தேளின் நஞ்சு இம்மூன்றில் நேரத்தைத்தான் மாற்றுகிறது: பொட்டாசியக் கால்வாயை நெடுநேரம் அடைத்தும், சோடியக் கால்வாயை நெடுநேரம் திறந்தும் வைக்கிறது. கொட்டுப்பட்டவரைக் காப்பாற்றுவதும் நேரத்தோடு செய்யும் மருத்துவமே.